திராட்சைத் தோட்டத்துக் கூலியும் உக்கிராணக்காரன் கணக்கும்

பணம் எவ்வாறு பிறந்து, எந்தெந்தக் கைகளில் மாறி, எங்கே போய்ச் சேர்கிறது என்பதைக் கண்ணாரக் காண விரும்புகிறவர் வேறெங்கும் அலைய வேண்டியதில்லை. தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கே போதும். 1895-இல் திறக்கப்பட்ட பெரியாற்று அணையின் நீர் மலையைக் குடைந்த சுரங்கவழியாக இறங்கி 14,707 ஏக்கர் இருபோக நஞ்சையை நனைக்கிறது. அந்த நஞ்சைக்கு மேட்டுப்புறத்தில், கல்தூண் ஊன்றிக் கம்பி இழுத்த பந்தல்களில், பன்னீர் திராட்சை ஆண்டு முழுவதும் ஏதேனும் ஒரு தோட்டத்தில் பழுத்துக்கொண்டேயிருக்கிறது. கிழக்கே சின்னமனூரிலிருந்து, பூக்களின் பெயர் தாங்கிய பதினெட்டு கொண்டையூசி வளைவுகளைக் கடந்து ஏறினால், ஹைவேவிஸ், மணலாறு, வெண்ணியாறு, இரவங்கலாறு, மகாராஜாமெட்டு என மேகமலைத் தேயிலைத் தோட்டங்கள் விரிகின்றன. மேற்கே மலைக்கு அப்பால் இடுக்கி மாவட்டத்து ஏலக்காய்க் காடுகளுக்கு, விடியுமுன்னே சோற்று வாளியோடு ஜீப்பில் நெருக்கியடித்து ஏறும் பெண்கள், பொழுது சாயும் வேளையில் அன்றைய கூலியோடு திரும்புகிறார்கள். அவர்கள் பறித்த காய் போடிநாயக்கனூர் ஏலத்தில் விலையாகி வெளிநாடு செல்கிறது.

இப்பள்ளத்தாக்கில் கிறிஸ்தவர்கள் சிறு தொகையினரே எனினும் புதியவர்கள் அல்லர். இராயப்பன்பட்டியும் அனுமந்தன்பட்டியும் கத்தோலிக்கக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக உழுது வாழ்கிற ஊர்கள். யாழ்ப்பாணத்திலிருந்து 1834-இல் மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷன் மேற்கு நோக்கிப் பரவியபோது சீர்திருத்த சபைகளும் இப்பக்கத்தில் தோன்றின. தோட்ட வேலைக்கென மலையேறிய குடும்பங்களோடு சிற்றாலயங்களும் மலையேறின. ஆதலின் நிலமுடையவரும், அந்நிலத்தில் கவாத்துச் செய்கிறவரும், கமிஷன் மண்டி வைத்திருப்பவரும், பள்ளி ஆசிரியரும், வட்டிக்குக் கொடுத்தவரும், வாங்கிய கடனுக்கு வட்டி கட்டமுடியாமல் முகம் மறைக்கிறவரும் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரே கூரையின் கீழ் முழந்தாளிடுகிறார்கள். பணத்தை ஒரு கிறிஸ்தவன் எவ்வாறு ஆள வேண்டும், ஆண்டு எவ்வாறு சந்தோஷமாய் வாழ வேண்டும் என்ற பழைய கேள்வியை இத்தகைய ஓர் ஊரில் நின்று கேட்பதற்கும், நகரத்து ஆலயத்தில் நிதி ஆலோசகர் ஒருவரை அழைத்து வந்து கேட்பதற்கும் மிகுந்த வேற்றுமை உண்டு.

பொதுவாகக் கேட்கக்கூடிய விடைகள் இரண்டு. திரவியம் ஆன்மாவுக்குக் கண்ணி, ஏழைகளே பாக்கியவான்கள், ஆகவே உள்ளதே போதுமென்று இரு என்பது ஒன்று. விசுவாசத்தோடு கொடு, பன்மடங்காய்த் திரும்பிவரும், ஐசுவரியம் ஆண்டவருடைய பிரியத்தின் அடையாளம் என்பது மற்றொன்று. முன்னது கூலி வாங்குகிறவனிடமும், பின்னது காணிக்கை போடக்கூடியவனிடமும் அதிகமாகச் சொல்லப்படுவதைக் கவனித்தவர்கள் இவ்விரு உபதேசங்களின் உபயோகத்தையும் ஒருவாறு அறிந்திருப்பார்கள். என் அபிப்பிராயத்தில் வேதாகமம் பணத்தைப் பற்றிப் பேசுகிற வரிசையே வேறு. அது முதலில் கூலியைப் பேசுகிறது. அடுத்துக் கடனையும் வட்டியையும் பேசுகிறது. இவற்றின் கணக்கு நேரானபின்னரே காணிக்கையையும், அதற்கும் அப்பால் மனத்திருப்தியையும் பேசுகிறது. நம் பிரசங்க பீடங்கள் இந்த வரிசையைத் தலைகீழாக்கிக் காணிக்கையில் தொடங்கி, பெரும்பாலும் காணிக்கையிலேயே முடித்துக்கொள்கின்றன.

மோசேயின் நியாயப்பிரமாணத்தை எடுத்துக்கொள்வோம். ஏழைக் கூலியாளின் கூலியைச் சூரியன் அஸ்தமிக்குமுன் கொடுத்துவிட வேண்டும். அவன் அதன்மேல் உயிரை வைத்திருக்கிறான் என்பது உபாகமம் தரும் காரணம். எளியவனுக்குக் கொடுத்த கடனுக்கு வட்டி வாங்கலாகாது. அடகாக வாங்கிய மேலாடையை இரவுக்குமுன் திருப்பித் தர வேண்டும், ஏனெனில் அவன் போர்த்திக்கொள்ள அதுவே உள்ளது. ஏழாம் ஆண்டில் கடன் விடுதலை. ஐம்பதாம் ஆண்டில் விற்றுப்போன நிலம் பழைய குடும்பத்துக்குத் திரும்ப வேண்டும். இவையெல்லாம் எவ்வளவு தூரம் நடைமுறையில் அனுசரிக்கப்பட்டன என்பது சரித்திரக்காரரின் விவகாரம். தெய்வபக்தியைப் பற்றிப் பேசவந்த ஒரு நூல் அடகுத் துணியைப் பற்றியும் மாலை நேரக் கூலியைப் பற்றியும் இத்தனை நுணுக்கமாகக் கவலைப்படுவதே நாம் கவனிக்கத்தக்கது.

இவ்விஷயத்தில் நெகேமியாவின் ஐந்தாம் அதிகாரத்தைப் போல நம் பள்ளத்தாக்குக்குப் பொருந்துவது வேறில்லை. எருசலேமின் இடிந்த மதிலைக் கட்டும் வேலை நடந்துகொண்டிருக்கையில் ஜனங்கள் கூக்குரலிட்டு வருகிறார்கள்: பஞ்சத்தில் தானியம் வாங்க நிலங்களையும் திராட்சைத் தோட்டங்களையும் வீடுகளையும் அடகு வைத்தோம், ராஜாவுக்குத் தீர்வை கட்டக் கடன் வாங்கினோம், பிள்ளைகளை அடிமைகளாக்கும் நிலைக்கு வந்துவிட்டோம், கடன் கொடுத்தவர்களோ எங்கள் சகோதரரே. நெகேமியா கோபங்கொண்டு, பிரபுக்களைச் சபையின் முன் நிறுத்தி, நிலங்களையும் தோட்டங்களையும் அன்றைக்கே திருப்பிக் கொடுக்கச் சொல்லி, நூற்றுக்கு ஒன்று வீதம் வாங்கிவந்த வட்டியையும் விட்டுவிடச் செய்கிறார். அந்த நூற்றுக்கு ஒன்று மாத வட்டி என்றே உரைகாரர் பலர் கொள்கிறார்கள். நம் ஊர்க் கணக்கில் அது ஒரு வட்டி. கம்பத்திலோ உத்தமபாளையத்திலோ அவசரத்துக்குக் கைமாற்றுத் தேடுகிறவன் ஒரு வட்டிக்குப் பணம் கிடைக்குமானால் அதைத் தெய்வ சகாயமென்றே கருதுவான். இரண்டும் மூன்றும் சாதாரணம், நெருக்கடியில் ஐந்தும் பத்தும் உண்டு. எந்த வீதத்தைக் கண்டு நெகேமியா கொதித்தெழுந்தாரோ, அவ்வீதம் இன்று நமக்கு மலிவாகத் தோன்றுகிறது.

கந்துவட்டியைத் தடுக்கத் தமிழ்நாடு அரசு 2003-இல் தனிச் சட்டமே இயற்றியது. ஆயினும் கடன் என்பது சட்டத்தால் மட்டும் தீர்கிற பொருளன்று. அது எந்த வாசல் வழியாக வீட்டுக்குள் நுழைகிறது என்று பார்க்க வேண்டும். திராட்சைக்காரருக்கு அது மருந்துக் கடை வழியாகவும் மண்டி வழியாகவும் நுழைகிறது. கவாத்துச் செய்தது முதல் பழம் அறுக்கும் வரை ஏறத்தாழ நான்கு மாதம் உரமும் மருந்தும் ஆட்கூலியும் கைப்பணமாகப் போய்க்கொண்டிருக்க, அறுவடைத் தறுவாயில் இரண்டு நாள் அடைமழை பிடித்தால் பழம் வெடித்து, முன்பணம் கொடுத்த வியாபாரி சொன்னதே விலையாகிவிடும். 2023-இல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஊரார் மகிழ்ந்தது நியாயமே. குறியீடு மழையைத் தடுக்காது என்பதையும் அவர்கள் அறிவார்கள். கூலிக் குடும்பத்துக்குக் கடன் வாரக் குழுவின் வழியாக நுழைகிறது: ஒரு குழுவின் தவணையைக் கட்ட மற்றொரு குழுவில் எடுத்து, அதையும் அடைக்கக் காதுத் தோட்டை நகைக்கடனில் வைத்து, வட்டி மட்டும் கட்டித் திருப்பி வைத்துக்கொண்டே ஆண்டுகள் கழிகின்றன.

இவ்விரு வகுப்பாருக்கும் பொதுவான வாசல் ஒன்றுண்டு, அது செய்முறை. காதுகுத்து, சடங்கு, கல்யாணம், புதுவீடு ஆகியவற்றோடு, கிறிஸ்தவக் குடும்பங்களில் ஞானஸ்நானமும் புதுநன்மையும் இந்த வரிசையில் சேர்ந்துகொண்டன. மொய் எழுதுவதை ஏளனம் செய்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஒரு வீட்டுக்குப் பெருஞ்செலவு வருங்காலத்தில் ஊரே கூடி வட்டியில்லாமல் முதல் திரட்டிக் கொடுத்து, மற்றவர் வீட்டு விசேஷத்தில் அதைச் சிறுகச் சிறுகத் திரும்பப் பெறுகிற இந்த ஏற்பாடு, மோசேயின் வட்டித் தடைக்கு மிக அருகில் நிற்கும் தமிழ்நாட்டு ஸ்தாபனம் என்றே சொல்லலாம். தாய்மாமன் சீர் எத்தனை தட்டு, மேளம் எத்தனை செட்டு, விளம்பரப் பதாகை எத்தனை அடி என்ற போட்டி அதனுள் புகுந்தபின்னர்தான் ஒத்தாசை பாரமாயிற்று. வாங்கியதைவிடக் கூட்டித்தான் திருப்பிச் செய்ய வேண்டும் என்ற மானப் பிரச்சினைக்காக மூன்று வட்டிக்கு வாங்கி மொய் எழுதுகிறவனுடைய சந்தோஷம் பந்தியிலேயே முடிந்துபோகிறது. வரதட்சணையைப் பற்றிப் புதிதாக எழுத ஒன்றுமில்லை. அதை வாங்காத சபை இதுவென்று சுட்டிக்காட்ட வழியில்லாமையே வெட்கத்துக்கு உரியது.

வட்டியைப் பற்றித் திருச்சபை சொல்லிவந்ததன் சரித்திரம் நீண்டது. 325-இல் நிசேயாவில் கூடிய சங்கம் குருமார் வட்டி வாங்குவதைத் தடுத்தது. 1179-இல் கூடிய மூன்றாம் லாத்தரன் சங்கம் பகிரங்கமாக வட்டித் தொழில் செய்வோரை நற்கருணைக்குப் புறம்பாக்கியது. 1745-இல் பதினான்காம் பெனடிக்ட் பாப்பரசர் பழைய தடையை மீண்டும் வற்புறுத்தினார். இதற்கிடையில் கால்வின், ஏழையிடம் வாங்கும் வட்டி வேறு, வாணிகத்துக்குக் கொடுத்த முதலின் லாபத்தில் பங்கு வேறு என்று பிரித்துக் காட்ட, ஐரோப்பா அவ்வழியே சென்றது. இத்தாலியப் பட்டணங்களில் பிரான்சிஸ்கன் துறவிகள், 1462-இல் பெருஜியாவில் தொடங்கியதைப் போன்ற, எளியோருக்கான அடகுச் சாலைகளை நிறுவி மிகக் குறைந்த கட்டணத்தில் கடன் கொடுத்தார்கள். தடைவிதிப்பதோடு நில்லாமல் மாற்று வழி ஒன்றைக் கட்டிக்காட்டினார்களே, அது இந்தச் சரித்திரத்தில் எனக்கு மிகப் பிடித்த பகுதி.

அப்படிக் கட்டிக்காட்டியவர்களுள் நம் கிராமங்கள் வரை கைநீட்டிய ஒருவர் உண்டு. ஜெர்மனியில் 1818-இல் பிறந்த ஃபிரீட்ரிக் வில்ஹெல்ம் ரைஃபைசன், பக்தி மிகுந்த புரட்டஸ்தாந்தர், சிற்றூர்களுக்கு மேயராயிருந்தவர். 1846-47 பஞ்சத்தில் வசதியுள்ளோரிடம் பணம் திரட்டி மாவு வாங்கி, ஊருக்கு அடுப்பு மூட்டி ரொட்டி சுட்டு வழங்கினார். பின்னர் அதே செல்வரின் தர்மத்தைக் கொண்டு குடியானவருக்குக் கடனுதவி செய்ய முயன்று, பஞ்சத்தின் சூடு ஆறியதும் தர்மத்தின் சூடும் ஆறிவிடுவதைக் கண்டார். அதன்பின் 1864-இல் ஹெடெஸ்டோர்ஃபில் அவர் அமைத்த கடன் சங்கம் வேறு அஸ்திவாரத்தில் எழுந்தது: ஒருவரையொருவர் அறிந்த ஒரே ஊரார் மட்டும் அங்கத்தினர், ஒருவன் கடனுக்கு எல்லாரும் வரையறையின்றிப் பிணை, லாபத்தைப் பங்கிடாமல் சேமநிதியில் சேர்ப்பது, நிர்வாகிகளுக்கு ஊதியமில்லை, கணக்கருக்கு மட்டுமே உண்டு. பரஸ்பர அன்பு என்று பீடத்தில் நின்று சொல்லப்படுவதைப் பேரேட்டில் எழுதிவைக்க முடியும் என்று கண்ட மனிதர் அவர்.

சென்னை மாகாண அரசு ஐரோப்பிய விவசாயக் கடன் முறைகளை ஆராய ஃபிரெடெரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியை நியமித்தது. 1895-லும் 1897-லும் அவர் வெளியிட்ட அறிக்கைகளின் சாரம், இந்நாட்டுக்கு வேண்டியது ரைஃபைசனைப் போன்ற மனிதரும் அவருடைய முறையுமே என்பது. 1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அவ்வாண்டே இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துத் திரூரில் முதல் சங்கம் தோன்றியது. இன்று கம்பம் பள்ளத்தாக்கில் பயிர்க்கடனுக்கும் நகைக்கடனுக்கும் வரிசையில் நிற்கிறவர்கள் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தை அரசாங்க அலுவலகமாகவே காண்கிறார்கள். தள்ளுபடி அறிவிப்பு வருமா என்பதே அங்கத்தினரின் பெரிய எதிர்பார்ப்பு. ஒரு ஜெர்மானிய மேயரின் பக்தி இத்தனை தூரம் பிரயாணம் செய்து வந்து, வழியில் எங்கோ தன் ஆத்துமாவை இறக்கிவிட்டு, கட்டடத்தோடும் கணினியோடும் மட்டும் வந்துசேர்ந்தது போலும்.

கூலியின் விஷயத்துக்கு வருவோம். மத்தேயு எழுதிய சுவிசேஷத்தில் திராட்சைத் தோட்டத்து வேலையாட்களின் உவமை உண்டு. எஜமான் விடியற்காலையிலும், மூன்றாம் மணியிலும், ஆறாம், ஒன்பதாம் மணிகளிலும், கடைசியாகப் பொழுது போக ஒரு மணிநேரமே இருக்கையிலும் ஆள் அமர்த்தி, மாலையில் எல்லாருக்கும் ஒரே ஒரு வெள்ளிக்காசு கொடுக்கிறான். தேவகிருபை தகுதி பாராமல் அருளப்படுகிறது என்று இதற்கு ஞானார்த்தம் சொல்லி முடிப்பது வழக்கம். அந்த அர்த்தத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் விடியற்காலையில் ஜீப் நிற்குமிடத்தில் ஏற்றிக்கொள்ளப்படாமல் விடப்பட்ட ஒரு வயதான பெண் இவ்வுவமையைக் கேட்பாளானால், ஞானார்த்தத்துக்கு முன்னே அவள் காதில் விழுவது வேறு: கடைசியில் வந்தவனை ஏன் சும்மா நிற்கிறாய் என்று கேட்டபோது, எங்களை ஒருவரும் வேலைக்கு அமர்த்தவில்லை என்று அவன் சொன்ன பதில். அந்த வெள்ளிக்காசு ஒரு குடும்பத்தின் ஒருநாள் போஜனத்துக்கு வேண்டிய தொகை. வேலை குறைந்ததற்கு அவன் காரணமல்லன்; வயிறோ குறையவில்லை. எஜமான் மணிக்கணக்கை விட்டு வயிற்றுக் கணக்கைப் பார்த்தான். பன்னீர் திராட்சையை 1832-இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார் என்று வழங்கி வருகிறது. கொடி வேரூன்றிவிட்டது, இக்கணக்கு இன்னும் வேரூன்றவில்லை.

நாளைக்காகக் கவலைப்படாதிருங்கள் என்ற மலைப்பிரசங்கத்துப் போதனையும் கேட்கிறவனுடைய இடத்தைப் பொறுத்தே பொருள் தருகிறது. மேகமலையில் தேயிலை கிள்ளுகிறவள் வசிக்கும் லயன் வீடு, 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தது முதல் நிர்வாகம் தரவேண்டிய வீடு. வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் அவ்வீட்டையும் விட்டு இறங்க வேண்டும். கையில் கிடைக்கும் சேமநல நிதியும் பணிக்கொடையும் கொண்டுதான் கீழே சின்னமனூர்ப் பக்கத்தில் ஒரு சென்ட் இடமாவது தேட வேண்டும். அவளைப் பார்த்துப் பூமியிலே பொக்கிஷம் சேர்த்துவைக்காதே என்று பிரசங்கிப்பது விபரீதம். சேமிப்பு அவளுக்குப் பேராசையின் அடையாளமன்று. பிறர் திண்ணையில் முதுமையைக் கழிக்காமலிருக்க அவள் செய்யும் தற்காப்பு. லூக்கா சுவிசேஷத்தில் கடிந்துகொள்ளப்பட்ட செல்வன் களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்தவன்; அவனிடம் ஏற்கெனவே களஞ்சியங்கள் இருந்தன, அவற்றின் விளைவை யாரோடும் பகிர அவனுக்குத் தோன்றவில்லை. களஞ்சியமே இல்லாதவர்களிடம் அந்த உவமையைத் திருப்பிவிடுவது நேர்மையாகாது.

கொடுத்தலைப் பற்றிப் பேசத் தகுதியுள்ள குரல்கள், தங்களுக்கென்று குறைவாகச் செலவழித்தவர்களுடைய குரல்களே. ஆங்கில நாட்டு ஜான் வெஸ்லி, பணத்தின் உபயோகத்தைப் பற்றி 1760-இல் வெளியிட்ட பிரசங்கத்தில், நேர்வழியில் முயன்று சம்பாதிப்பதையும் வீண்செலவைத் தவிர்ப்பதையும் மிஞ்சியதை ஈவதையும் ஒரே மூச்சில் சேர்த்துச் சொன்னார். இளமையில் ஆண்டுக்கு 30 பவுன் வருமானத்தில் 28 பவுனில் வாழ்ந்தவர், வருமானம் இருமடங்கும் மும்மடங்கும் ஆனபோதும் அந்த 28-ஐத் தாண்டவில்லை. நம்மவருள் வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1874-இல் திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்தவர், 1903-இல் பாளையங்கோட்டையில் தோன்றிய இந்திய மிஷனெரி சங்கத்தை இந்தியரின் பணத்தைக் கொண்டே நடத்த வேண்டுமென்று உறுதிகொண்டார். 1912-இல் தோர்ணக்கல் அத்தியட்சரானபின், நிலமற்ற கூலிகளான தம் சபையாரும் கொடுக்கப் பழக வேண்டுமென்றார். கிறிஸ்தவக் கொடுத்தலைப் பற்றி அவர் ஒரு நூலும் எழுதினார். ஏழையிடம் வாங்குவது கொடுமையல்லவா என்ற ஆட்சேபத்துக்கு அவருடைய வாழ்க்கையே மறுமொழி: எப்போதும் வாங்கிக்கொண்டிருப்பவனாகவே ஒருவனை வைத்திருப்பது அவனுடைய மனிதத்துவத்தைக் குறைப்பதாகும். அறுப்பின் பண்டிகையில் ஒரு பூசணிக்காயோ நாலு முட்டையோ சந்தை விலையைப் பன்மடங்கு தாண்டி ஏலம் போகும்போது ஆலய முற்றத்தில் எழும் சிரிப்பைக் கேட்டவர்களுக்கு இது விளங்கும். பிடி அரிசியாகச் சேர்த்ததைக் கொட்டுகிற கிழவியின் முகத்தில் அன்றைக்குத் தெரிவது இழப்பன்று.

இதே கொடுத்தலை முதலீடாக மாற்றிவிட்டது இன்றைய செழிப்பு உபதேசம். விதை என்று பெயரிட்டுக் காணிக்கையைக் கேட்டு, அறுவடை என்று பெயரிட்டு வீடும் வாகனமும் வெளிநாட்டு விசாவும் வாக்களிக்கிற இப்பிரசங்கம், அமெரிக்க நாட்டிலிருந்து கிளம்பித் தொலைக்காட்சி வழியாக மலைத்தோட்டத்து லயன்கள் வரை எட்டிவிட்டது. அதன் மிகப் பெரிய தீங்கு பணம் வீணாவது அன்று. கடன்பட்டவனுக்குத் தன் கடனே அவிசுவாசத்தின் தண்டனை என்று தோன்றச் செய்து, வட்டி வாங்குகிறவனைக் கேள்விக்கு அப்பால் வைத்துவிடுவதுதான். கடன் கொடுத்தவனைச் சபையின் நடுவே நிறுத்திய நெகேமியாவுக்கு இதில் இடமேயில்லை.

கிறிஸ்தவனுடைய பணக்கணக்கைத் தமிழர் ஒருவர் எவ்வளவு ஆழமாகச் சிந்திக்கக்கூடும் என்பதற்கு ஜே.சி. குமரப்பாவைக் காட்டிலும் சிறந்த திருஷ்டாந்தம் கிடையாது. 1892-இல் தஞ்சாவூரில் ஜோசப் செல்லத்துரை கொர்னேலியுஸ் என்ற பெயரில் பிறந்து, லண்டனில் கணக்குத் தணிக்கையில் தேர்ச்சி பெற்று, பம்பாயில் தணிக்கை நிறுவனம் நடத்தி, அமெரிக்காவில் கொலம்பியா சர்வகலாசாலையில் பொதுநிதி பயின்றவர். இந்தியா ஏன் ஏழையாயிருக்கிறது என்ற கேள்விக்கு அரசாங்கத்தின் வரவுசெலவுப் பேரேட்டிலேயே விடையுண்டு என்று கண்டார். 1929-இல் காந்தியைச் சந்தித்தபின் பழைய குடும்பப் பெயரையும் கதரையும் ஏற்றுக்கொண்டு, 1934 முதல் அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தின் பொறுப்பில் வார்தாவில் வாழ்ந்தார். அவ்வாண்டே பீகார் பூகம்ப நிவாரண நிதியின் கணக்கு அவர் கைக்கு வந்தபோது, தொண்டரின் சாப்பாட்டுப் படியை ஒரு நாளைக்கு மூன்றணா என்று கட்டுப்படுத்தி, காந்தியுடன் வரும் பரிவாரத்தின் செலவைக்கூட அந்நிதியில் எழுத முடியாது என்று மறுத்துவிட்டார். பாதிக்கப்பட்டோருக்கென்று வந்த பணத்துக்குத் தாம் உக்கிராணக்காரர் மட்டுமே என்பதை அவர் மகாத்துமாவுக்காகவும் மறக்கவில்லை. நம் நாட்டுத் திருச்சபைகளின் சொத்து வழக்குகளைப் பத்திரிகையில் படிக்கும்போதெல்லாம் இந்த மூன்றணா நினைவுக்கு வருவதைத் தவிர்க்க முடியவில்லை.

சிறையிலிருந்தபோது அவர் எழுதியவற்றுள் நிலைத்த பொருளாதாரத்தைப் பற்றிய நூலும், இயேசுவின் போதனைகளையும் செயல்களையும் பற்றிய நூலும் 1945-இல் வெளிவந்தன. கொன்று தின்னும் புலி, பிறர் வைத்த மரத்தில் பறித்துத் தின்னும் குரங்கு, தன் கூட்டைத் தானே கட்டும் தூக்கணாங்குருவி, கூட்டத்துக்காக உழைக்கும் தேனீ, குஞ்சுக்காகத் தன்னை மறக்கும் தாய்ப்பறவை என்று பொருளாதார வாழ்வை அவர் ஐந்து படிகளாகப் பிரித்தார். இதனினும் கூர்மையானது, வாங்குகிறவனுக்கும் பொறுப்பு உண்டு என்ற அவருடைய வாதம். ஆப்பிரிக்காவில் கட்டாய உழைப்பால் விளைந்த கோகோவை வாங்கிப் பருகுகிறவன் அந்தக் கட்டாயத்துக்கு உடந்தை என்றார் அவர். அவ்வாதத்தை மலையேற்றிப் பார்க்கலாம்: காலைத் தேநீரின் விலை குறைந்திருப்பதற்கு, கிள்ளுகிறவளின் கூலி எவ்வளவு தூரம் காரணம்? வருமானத்தில் பத்தில் ஒன்றைக் கோயிலுக்குக் கொடுத்துவிட்டால் மீதி ஒன்பதைப் பற்றி யாரும் கேட்கமாட்டார்கள் என்றிருக்கும் நமக்கு, குமரப்பா அந்த ஒன்பதையும் தணிக்கைக்குக் கொண்டுவரச் சொல்கிறார். இறுதி ஆண்டுகளை மேகமலைத் தொடருக்குக் கிழக்கே டி. கல்லுப்பட்டியின் காந்தி நிகேதன் ஆசிரமத்தில் கழித்து, 1960 ஜனவரி 30 அன்று மறைந்தார். இப்பள்ளத்தாக்குச் சபைகளில் அவர் பெயர் பிரசங்கத்தில் அடிபட நான் கேட்டதில்லை.

இனி, சந்தோஷம். மேனாட்டு ஆராய்ச்சியாளர் இதை அளந்து பார்க்க முயன்றிருக்கிறார்கள். ஆண்டு வருமானம் 75,000 டாலரைத் தாண்டியபின் அன்றாட மகிழ்ச்சி ஏறுவதில்லை என்று கானமனும் டீட்டனும் 2010-இல் எழுதினர். 2023-இல் கானமனே வேறிருவரோடு சேர்ந்து அதைத் திருத்தி, பெரும்பாலோருக்கு அது மேலும் ஏறிக்கொண்டே செல்கிறது, மிகத் துயருற்றிருக்கும் ஒரு சிறுபகுதியினருக்கே நின்றுவிடுகிறது என்றார். தனக்குச் செலவழிப்பதைவிடப் பிறருக்குச் செலவழிப்பது மகிழ்ச்சியைக் கூட்டுகிறது என்று 2008-இல் டன்னும் அவருடைய சகாக்களும் காட்டினர். மொய்யும் அன்னதானமும் கண்ட நாட்டுக்கு அது பெரிய செய்தியன்று. பணம் சந்தோஷத்தைத் தராது என்ற சுலப வாசகத்தை ஏழையிடம் சொல்லலாகாது என்பதே இவ்வாராய்ச்சிகளிலிருந்து நான் எடுத்துக்கொள்வது. குழந்தையின் காய்ச்சலுக்கு மருந்து வாங்கப் பணம் இருப்பது சந்தோஷந்தான். வேதாகமத்தில் நீதிமொழிகளின் ஆகூர் இதை அறிந்தவர். தரித்திரத்தையும் ஐசுவரியத்தையும் ஒருங்கே வேண்டாமென்று, தன் படியளவு ஆகாரத்தையே அவர் கேட்கிறார். மிகுந்தால் தெய்வத்தை மறப்போம், குறைந்தால் திருடுவோம் என்று இரண்டு பக்கத்து அபாயத்தையும் அவர் ஒருசேரக் காண்கிறார். பிலிப்பி நகரத்துச் சபைக்கு எழுதிய பவுல், மனரம்மியமாயிருக்கத் தாம் கற்றுக்கொண்டதாகச் சொல்வது, அந்தச் சபை அனுப்பிய பண உதவிக்கு நன்றி கூறும் இடத்திலேதான் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. தனியே தியானத்தில் அமர்ந்து அடைந்த திருப்தியன்று அது; பிறர் தம்மை மறந்துவிடவில்லை என்றறிந்த கைதியின் திருப்தியும் அதில் கலந்திருக்கிறது.

சொந்தப் பணத்தைப் பிறருக்காக இழந்தவனையே மனிதர் நேசிக்கிறார்கள் என்பதற்கு இப்பள்ளத்தாக்கின் சாட்சியம், அணையைக் கட்டிய பொறியாளர் பென்னிகுவிக். பெரியாற்று அணையைக் கட்டி முடிக்க அவர் இங்கிலாந்திலுள்ள சொத்தையும் மனைவியின் நகையையும் விற்றார் என்று இங்கே குழந்தைகளும் சொல்லும். அணை சென்னை மாகாண அரசின் பொதுப்பணத்தில் கட்டப்பட்டது. விற்ற கதைக்கு ஆவணம் காட்டுவார் இல்லை. ஆயினும் தைப்பொங்கலை ஒட்டிய அவருடைய பிறந்தநாளில் அவர் படத்துக்கு மாலையிட்டுப் பொங்கல் வைக்கிற விவசாயிகள், ஓர் அதிகாரி தன் கடமையைத் திறமையோடு செய்தான் என்ற மெய்யோடு திருப்தியடையாமல், அவன் நஷ்டப்பட்டான் என்ற கதையையும் சேர்த்துக்கொண்டார்கள். தங்களுக்கு நீர் தந்தவனை ஊதியம் பெற்றவனாக மட்டும் நினைக்க அவர்களுக்கு மனம் வரவில்லை.

உக்கிராணக்காரனைப் பற்றி ஒன்று மிச்சமிருக்கிறது. லூக்கா பதினாறாம் அதிகாரத்தில், எஜமானுடைய ஆஸ்தியைச் சிதறடித்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டு, கணக்கு ஒப்புவிக்கக் கட்டளை பெற்ற ஒருவன், எஜமானிடம் கடன்பட்டவர்களை ஒவ்வொருவராக அழைத்து, நூறு குடம் எண்ணெய் என்றிருந்த சீட்டில் ஐம்பது என்றும், நூறு கலம் கோதுமை என்றிருந்ததில் எண்பது என்றும் எழுதச் சொல்கிறான். எஜமானும் அவனை மெச்சிக்கொள்கிறான். அநீதியுள்ளவன் எவ்வாறு மெச்சப்படலாம் என்பதை வேதபண்டிதர் இன்னும் தர்க்கித்துக்கொண்டிருக்கிறார்கள். அவன் தள்ளியது தன்னுடைய தரகு என்பர் சிலர். நியாயப்பிரமாணம் தடுத்த வட்டியை மறைவாக முதலோடு சேர்த்து எழுதியிருந்தார்கள், அதைத்தான் கழித்தான் என்பர் வேறு சிலர். வட்டியை முதலிலேயே பிடித்துக்கொண்டு முழுத்தொகைக்குச் சீட்டு எழுதி வாங்கும் வழக்கம் தெரிந்த நம் ஊராருக்கு இரண்டாவது விளக்கம் புரியாமற்போகக் காரணமில்லை. ஆயினும் பெரும்பாலான ஆலயங்களில் இப்பகுதியைச் சுற்றிக்கொண்டு அடுத்த உவமைக்குப் போய்விடுகிறார்கள். முன்வரிசையில் அமர்ந்திருப்பவர்களில் சிலர் சீட்டு எழுதி வாங்குகிறவர்கள், பின்வரிசையில் சிலர் எழுதிக் கொடுத்தவர்கள் என்பது பிரசங்கியாருக்குத் தெரிந்தேயிருக்கிறது.